ஒரு கேமரா போதாதா?

விருதுநகர் மாவட்டம், ராஜபாளையம் அருகே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள தளவாய்புரம், நைட்டி தயாரிப்புக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள தையல் கூடம் ஒன்றில் நுழைந்தால் ஒரே வகையான எந்திரத்தை மட்டும் நாம் காண்பதில்லை. நேராகத் தைப்பதற்கு ஓர் எந்திரம். துணியின் ஓரம் பிரியாமல் பூட்டுவதற்கு ஓவர்லாக் எந்திரம். பொத்தானுக்குத் துளையிட்டுத் தைப்பதற்குக் காஜா எந்திரம். அடுக்கிவைத்த துணியை வெட்டுவதற்கு மற்றொன்று. 'தைப்பதற்கு ஓர் எந்திரம் போதாதா? எதற்கு இத்தனை?' என்று கூடத்தின் உரிமையாளரை எவரும் கேட்பதில்லை. கேட்டால், கேட்டவரின் அறியாமைதான் வெளிப்படும்.

அதே ஊரில் புகைப்பட ஆர்வலர் ஒருவரின் அலமாரியில் மூன்று கேமராக்கள் இருந்தால் அந்தக் கேள்வி உடனே எழுகிறது. வீட்டில் உள்ளவர்கள் கேட்கிறார்கள், உறவினர்கள் கேட்கிறார்கள், கைப்பேசியிலேயே நல்ல படம் எடுக்க முடிகிற இந்தக் காலத்தில் அண்டை வீட்டாரும் கேட்கிறார்கள். ஆர்வலர்களில் பலர் இதற்குத் தெளிவாக விடை சொல்வதில்லை. சிரித்து மழுப்பிவிடுகிறார்கள். அதனால், தேவைக்காகச் சேர்த்தவரும் ஆசைக்காகச் சேர்த்தவரும் ஒரே தட்டில் வைத்து எடைபோடப்படுகிறார்கள். பயன்படும் கருவியும் பயன்படாத கருவியும் ஒரே நாளில் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. எனவே இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தேடுவது அவசியமாகிறது.

எந்தக் கேமராவும் எல்லா வேலைக்கும் ஏற்றதன்று என்பதே முதல் விடை. இதற்குக் காரணம் தயாரிப்பாளர்களின் தந்திரம் மட்டுமன்று. ஒளியின் இயல்பும் ஆகும். கேமரா என்பது அடிப்படையில் ஓர் இருட்டுப் பெட்டி. முன்னால் லென்ஸ், பின்னால் ஒளியை வாங்கிக்கொள்ளும் பரப்பு. அந்தப் பரப்பு முன்பு பிலிமாக இருந்தது. இன்று சென்சாராக இருக்கிறது. பரப்பு பெரிதானால் அதிக ஒளி சேரும். மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக அமையும். ஆனால், பரப்பு பெரிதாகும்போது அதற்கேற்ற லென்ஸும் பெரிதாகிறது, எடை கூடுகிறது, விலையும் ஏறுகிறது. ஒன்றைப் பெற வேண்டுமானால் இன்னொன்றை இழந்தாக வேண்டும்.

இதை இந்தப் பகுதியின் காட்சிகளைக் கொண்டே விளக்கலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள மலைக்காடுகள், சாம்பல் நிற மலை அணிலின் வாழிடங்களில் முக்கியமானவை. அந்த அணிலைப் பாதுகாப்பதற்காக 1988-ஆம் ஆண்டு இங்கு சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு, மேகமலைப் பகுதியையும் இணைத்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. வனத்துறையின் அனுமதியோடு செல்லும் ஒருவர் அந்த அணிலைப் படம் எடுக்க விரும்புகிறார் என்று கொள்வோம். அணில் தரைக்கு வருவது அரிது. உயர்ந்த மரத்தின் கிளைக்குக் கிளை தாவும். அதை அருகில் இருப்பதுபோல் காட்ட நீண்ட குவியத் தொலைவு கொண்ட லென்ஸ் வேண்டும்.

இங்கு சிறிய சென்சார் கொண்ட கேமரா கைகொடுக்கிறது. 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்ட சென்சாரைவிட, ஏறத்தாழ 24-க்கு 16 மி.மீ. அளவுள்ள சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே பதிவு செய்கிறது. ஆகவே, 400 மி.மீ. லென்ஸை அதில் பொருத்தினால், முழுச்சட்டக் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு அணில் சட்டத்தை நிறைக்கும். அகன்ற வாயுடைய 600 மி.மீ. லென்ஸின் விலை பல லட்சம் ரூபாய். அதன் எடையோ மலையேறுபவரின் தோளைச் சோதிக்கும். சிறிய சென்சார் கேமராவை வைத்திருப்பவர் இரண்டிலிருந்தும் தப்புகிறார்.

அதே மனிதர் மாலையில் ஊருக்குத் திரும்பி, அகல் விளக்கின் ஒளியில் பூத்தொடுக்கும் மூதாட்டியின் முகத்தைப் படம் எடுக்க நினைத்தால் நிலைமை தலைகீழாகிறது. இப்போது தேவை தொலைவு அன்று, ஒளி. முழுச்சட்ட சென்சாரின் பரப்பு, காட்டில் பயன்பட்ட அந்தச் சிறிய சென்சாரின் பரப்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலான கைப்பேசிகளின் சென்சார், முழுச்சட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. கைப்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, கணக்கிட்டு, ஒன்றாக இணைத்து அந்தக் குறையை மறைக்கிறது. அசையாத காட்சிக்கு அது போதும். விளக்கின் சுடரும் மூதாட்டியின் விரல்களும் அசைந்துகொண்டே இருக்கும்போது, கணக்கீடு தடுமாறுகிறது. காட்டில் சிறந்ததாக இருந்த கருவி, விளக்கடியில் இரண்டாம் இடத்துக்கு இறங்குகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை ராஜகோபுரத்தைப் படம் எடுப்பது மற்றொரு சோதனை. அருகில் நின்று கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால், கோபுரத்தின் இரு பக்கக் கோடுகளும் இயல்புக்கு மீறிக் குறுகி, கோபுரம் பின்னால் சாய்வதுபோல் தோன்றும். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் இந்தக் குறை நீங்கும். துருத்தி அமைப்புடைய பழைய பெரிய கேமராக்களில் இந்த வசதி இயல்பாகவே இருந்தது. முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு எடுக்கும் அந்தக் கருவி இன்றைக்கும் கட்டடங்களைப் படம் எடுப்பவர்களுக்கு மதிப்புமிக்கது. ஆனால், ஆடிப்பூரத் தேரோட்டத்தில், வடம் பிடிக்கும் பெருங்கூட்டத்துக்கு நடுவே அதைத் தூக்கிக்கொண்டு நடக்க இயலுமா? அங்கு கையடக்கமான, விரைவாக இயங்கும் கருவிதான் உதவும்.

கருவியின் அளவு, படம் எடுக்கப்படுபவரின் மனத்தையும் தொடுகிறது. தையல் கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் முன் பெரிய லென்ஸ் பொருத்திய கேமராவை நீட்டினால், அவர் எந்திரத்தை நிறுத்திவிடுவார். சேலைத் தலைப்பைச் சரிசெய்வார். முகத்தில் ஒரு விறைப்பு வந்துவிடும். நாம் எடுக்க வந்த காட்சி அந்த நொடியே மறைந்துவிடுகிறது. அனுமதி பெற்று, சிறிய கேமராவுடன் ஓரமாக அரைமணி நேரம் அமர்ந்திருந்தால், அவர் நம்மை மறந்து தம் வேலைக்குத் திரும்புவார். பெரிய கேமராவால் முடியாத ஒன்றைச் சிறிய கேமரா செய்து முடிக்கிறது.

இரண்டாவது விடை, திரும்ப நிகழாத தருணம். திருமணத்தில் தாலி கட்டும் நேரம் ஒரு முறைதான் வரும். 'ஷட்டர் வேலை செய்யவில்லை. இன்னொரு முறை கட்டுங்கள்' என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியாது. எனவே, திருமணப் புகைப்படக் கலைஞர் இரண்டு கேமராக்களோடுதான் மண்டபத்துக்குள் நுழைகிறார். ஒன்றில் மணவறை முழுவதையும் காட்டும் அகன்ற கோண லென்ஸ். மற்றொன்றில் மணமகளின் கண்ணீரைத் தொலைவிலிருந்தே பிடிக்கும் லென்ஸ். நெரிசலில் லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தால் தருணம் போய்விடும். ஓமப் புகையும் அட்சதைத் தூசியும் சென்சாரில் படியும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையை முடித்துக்கொடுக்கும். இங்கு இரண்டாவது கேமரா ஆடம்பரமன்று. வாடிக்கையாளருக்கு அளித்த வாக்குறுதியின் ஒரு பகுதி.

பிலிம் காலத்தில் இந்தத் தேவை இன்னும் அதிகமாக இருந்தது. இன்றைய டிஜிட்டல் கேமராவில் ஒளி உணர்திறனை ஒரு பொத்தானில் மாற்றலாம். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாகவும் ஆக்கலாம். அன்று 36 படங்கள் கொண்ட சுருளை மாட்டிவிட்டால் அது முடியும்வரை அந்த உணர்திறன்தான்; அந்த வண்ணம்தான். வெயிலில் எடுக்க 100 உணர்திறன் கொண்ட சுருளையும், மண்டபத்துக்குள் எடுக்க 400 உணர்திறன் கொண்ட சுருளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டுமானால் இரண்டு கேமராக்கள் வேண்டும். நாளிதழுக்குக் கறுப்பு வெள்ளையும் வார இதழுக்கு வண்ணமும் தர வேண்டியவர் கழுத்தில் இரண்டு கேமராக்கள் தொங்கியது இதனால்தான்.

இந்தப் பழக்கம் புகைப்படக்கலை அளவுக்கே பழமையானது. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858-இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படம் எடுத்தார். அக்காலத்தில் நெகடிவை அச்சுத்தாளின்மேல் நேரடியாக வைத்தே படம் அச்சிடப்பட்டது. பெரிய படம் வேண்டுமானால் பெரிய நெகடிவும், அதற்கேற்ற பெரிய கேமராவும் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஆக்கியது வியப்புக்குரியது. அதே காலத்தில், இரு கண்களாலும் பார்க்கும்போது காட்சி முப்பரிமாணமாகத் தெரியும் சிறிய இரட்டைப் படங்களையும் அவர் வெளியிட்டார். பெரிய நெகடிவுக்காகச் செய்யப்பட்ட பெட்டி அந்தச் சிறிய படங்களுக்குப் பொருந்தாது. 160 ஆண்டுகளுக்கு முன்பே வேலைக்கு ஏற்பக் கருவி மாறியிருக்கிறது.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞராகப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா, ஸ்பீட் கிராஃபிக், ரோலிஃபிளெக்ஸ் ஆகிய இரு வேறு கேமராக்களைக் கையாண்டவர். முன்னது தனித்தனித் தகடாகப் பிலிமை மாட்டும் பெரிய கருவி. விளக்கொளியுடன் அரசு நிகழ்ச்சிகளைத் துல்லியமாகப் பதிவு செய்ய ஏற்றது. பின்னது சுருள் பிலிமில் 12 சதுரப் படங்கள் எடுக்கும், ஓசை குறைந்த இரட்டை லென்ஸ் கருவி. வயிற்றளவில் பிடித்து, குனிந்து பார்த்து எடுப்பதால், கண்ணுக்கு முன்னால் கேமராவை உயர்த்தும் மிரட்டல் அதில் இல்லை. தலைவர்களின் இயல்பான முகங்களைப் பதிவு செய்ய அது உதவியது.

நெல்லை மண்ணில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணனின் வழி சற்று வேறானது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகனான இவர், இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர். யானைகளையும் மான்களையும் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்த அவருக்கு, கடையில் கிடைத்த எந்தக் கேமராவும் முழு நிறைவைத் தரவில்லை. ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், மற்றொரு நிறுவனத்தின் தொலைநோக்கு லென்ஸ், பிற உதிரி பாகங்கள் என ஒன்றுசேர்த்துத் தமக்கென ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். அதன் கனத்தைக் கேலி செய்வதுபோல் 'சூப்பர் பாண்டெரோசா' என்று அதற்குப் பெயரும் வைத்தார். பிறர் பல கேமராக்களை வாங்கி அடைந்ததை, அவர் பல கேமராக்களின் உறுப்புகளை ஒன்றாக்கி அடைந்தார். இரண்டு வழிகளின் அடிப்படையும் ஒன்றே: தன் வேலை எது என்பதைத் தெளிவாக அறிந்திருப்பது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன், சிறிய லைக்கா கேமராவையும் 50 மி.மீ. லென்ஸையும் பெரிதும் நம்பியே உலகப் புகழ் பெற்றார். 1948-இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை அவர் பதிவு செய்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஆனால், அவர் தெருவையும் மனிதர்களையும் தம் களமாகத் தேர்ந்துகொண்டார். ஒரு களத்துக்கு ஒரு கருவி போதுமானதாக இருந்தது. காட்டுக்கும் கோயிலுக்கும் திருமண மண்டபத்துக்கும் செல்லும் ஒருவரிடம் அதே எளிமையை எதிர்பார்ப்பது பொருந்தாது.

ஒன்றுக்கு மேற்பட்ட கேமராவை வாங்குவதற்கான காரணங்கள் இவை. புதியது வந்த பிறகும் பழையதை ஏன் விடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி.

பழைய கேமராவோடு பிணைந்திருக்கும் லென்ஸ்கள் முதல் காரணம். நிக்கான் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த லென்ஸ் இணைப்பு முறையை டிஜிட்டல் காலத்திலும் தொடர்ந்தது. அதனால் பழைய லென்ஸ்கள் பலவற்றைப் புதிய உடலிலும் பயன்படுத்த முடிந்தது. கேனன் நிறுவனமோ 1987-இல் தன் இணைப்பு முறையையே மாற்றிவிட்டது. அதுவரை சேமித்துச் சேமித்து லென்ஸ் வாங்கியவர்கள், அவற்றைப் பயன்படுத்த வேண்டுமானால் பழைய கேமராவை வைத்துக்கொண்டாக வேண்டும் என்ற நிலை உருவானது. மாட்டை விற்றபின் வண்டியால் பயனில்லை என்பதைப் போன்றதே இது.

அடுத்த காரணத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1990-களின் பிற்பகுதியிலும் 2000-களிலும் நம் ஊர்த் திருமணங்கள், காதணி விழாக்கள், கோயில் கொடைகள் ஆகியவை சிறிய காந்த நாடாக்களில் வீடியோவாகப் பதிவாயின. 'ஹை-8', 'மினி டிவி' போன்ற அந்த நாடாக்களை இன்றைய கணினியில் நேரடியாக நுழைத்துப் பார்க்க முடியாது. அவற்றை ஓட்டுவதற்கு அதே வகை வீடியோ கேமராவோ, அதற்குரிய ஓட்டும் கருவியோ வேண்டும். புதிய கருவிகள் இப்போது தயாராவதில்லை. ஸ்டுடியோக்காரர் ஒருவர் இயங்கும் நிலையில் உள்ள பழைய வீடியோ கேமராவைத் துணியில் சுற்றி வைத்திருந்தால், அது அவ்வூரின் பல குடும்பங்களுடைய நினைவுகளைத் திறக்கும் சாவி. மறைந்துபோன தாத்தாவின் குரல் அந்த நாடாவில் மட்டுமே இருக்கலாம். காந்த நாடாவோ ஆண்டுக்கு ஆண்டு நலிவடைந்துகொண்டிருக்கிறது. 'இந்தப் பழைய சாமானை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்பதற்கு முன், நம் வீட்டு அலமாரியிலும் அப்படியொரு நாடா இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மூன்றாவது காரணம், பழைய கருவி கற்றுத்தரும் ஒழுக்கம். ஊர்ப்புற ஸ்டுடியோக்களில் ஒரு காலத்தில் கோலோச்சிய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவும், இந்தியாவிலேயே தயாரான ஆக்ஃபா கிளிக் 3 கேமராவும் '120' என்ற அளவுள்ள சுருளில் 12 படங்கள் மட்டுமே எடுத்தன. உதகமண்டலத்தில் இயங்கிய பொதுத் துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்து அவர்களுக்குத் துணை நின்றது. 1960-இல் நிறுவப்பட்ட அந்த ஆலை, டிஜிட்டல் அலையில் மூடப்பட்டுவிட்டது. எனினும், அந்த அளவுச் சுருளை வெளிநாட்டு நிறுவனங்கள் இன்றும் தயாரிக்கின்றன. அரை நூற்றாண்டு வயதுடைய யாஷிகா இன்றும் படம் எடுக்கும். 12 படங்கள் மட்டுமே உண்டு என்று அறிந்தவர், விரலை அழுத்துவதற்கு முன் ஒருமுறை சிந்திக்கிறார். நொடிக்கு 20 படங்கள் எடுக்கும் கருவியில் பழகிய இளைஞருக்கு இது சிறந்த பயிற்சி.

நான்காவது காரணத்துக்குத் தருக்கம் கிடையாது. முதல் சம்பளத்தில் வாங்கிய கேமரா, தந்தை விட்டுச்சென்ற கேமரா, குழந்தையின் முதல் சிரிப்பைப் பதிவு செய்த கேமரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. விற்கப் போனால் கடைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டதும் மனம் சுருங்குகிறது. அந்தச் சில நூறு ரூபாயைவிட அலமாரியில் அது இருப்பதே மேல் என்று திரும்பிவிடுகிறார்கள். பாட்டியின் பாக்குவெட்டியை வைத்திருப்பவர்களுக்கு இந்த உணர்வைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னபின், ஆர்வலர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இருக்கிறது. தேவை என்ற பெயரில் ஆசை நுழைவது எளிது. ஆண்டுதோறும் புதிய மாதிரிகள் வருகின்றன. படம் சரியாக அமையாததற்குப் பயிற்சியின்மை காரணமாக இருக்க, கருவிதான் காரணம் என்று நம்பத் தோன்றுகிறது. மாதத் தவணையில் வாங்கிய மூன்றாவது கேமரா, முதல் கேமராவைப் போலவே பெட்டிக்குள் உறங்குகிறது. உலக அளவில் டிஜிட்டல் கேமராக்களின் விற்பனை 2010-இல் 12 கோடியைத் தாண்டியிருந்தது. 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கைப்பேசியிடம் சாதாரண வாடிக்கையாளர்களை இழந்த நிறுவனங்கள், எஞ்சியுள்ள ஆர்வலர்களையே மீண்டும் மீண்டும் வாங்கவைக்க வேண்டிய நிலையில் உள்ளன. இதை உணர்ந்து நடப்பது வாங்குபவரின் பொறுப்பு.

எது தேவை, எது ஆசை என்பதைப் பிரித்தறிய ஓர் எளிய உரைகல் உண்டு, அது பராமரிப்பு. கேமராவைப் பூட்டி வைத்தால் அது பாதுகாப்பாக இருக்கும் என்பது தவறான எண்ணம். காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் லென்ஸின் உட்புறம் பூஞ்சை படரும். சிலந்தி வலைபோல் பரவும் அது, கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். தோல் உறைக்குள் வைத்தால் ஆபத்து இன்னும் அதிகம். உள்ளே மறந்துவிட்ட மின்கலம் கசிந்து, இணைப்புகளைக் கெடுக்கும். இயக்காமல் விட்ட ஷட்டரின் எண்ணெய் இறுகிவிடும். எனவே மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து, துடைத்து, சில முறை இயக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்றி வைக்க வேண்டும். இப்படி எத்தனை கேமராக்களைக் கவனிக்க ஒருவரால் முடியுமோ, அத்தனை வைத்திருக்க அவருக்குத் தகுதி உண்டு. அதற்கு மேல் இருப்பவை அவருடைய கைக்குப் பயன்படுபவை அல்ல. பூஞ்சைக்கு இரையாகக் காத்திருப்பவை.

உரிமையாளரின் காலத்துக்குப் பின் என்ன ஆகிறது என்பது இதைவிடக் கவலைக்குரியது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் குழந்தைகளைப் பராமரிக்கும் பணியில் இருந்த விவியன் மையர், ரோலிஃபிளெக்ஸ் உள்ளிட்ட கேமராக்களால் பல்லாயிரக்கணக்கான படங்களை எடுத்து, எவருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். வாடகை கட்டப்படாததால் அவருடைய பெட்டிகள் 2007-இல் ஏலத்துக்கு வந்தன. ஏலம் எடுத்தவர்களின் கையில் அவை சிக்கியதால்தான், ஒரு மாபெரும் கலைஞர் வாழ்ந்தார் என்பதை உலகம் அறிந்தது. எல்லாப் பெட்டிகளுக்கும் அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை. நம் ஊர்களில் மூடப்பட்ட ஸ்டுடியோக்களின் கேமராக்கள் எடைக்குப் போயின. அவற்றோடு, ஊரின் அரை நூற்றாண்டு முகங்களைத் தாங்கிய நெகடிவ் பெட்டிகளும் குப்பைக்குப் போயின. கேமரா போனால் கருவி போனது. நெகடிவ் போனால் ஊரின் வரலாறே போனது.

இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒவ்வொரு கேமராவோடும் ஒரு சிறிய சீட்டை வைக்கலாம்: எப்போது வாங்கியது, எதற்குப் பயன்பட்டது, இப்போது இயங்குகிறதா, இதில் எடுத்த நெகடிவ்கள் எங்கே உள்ளன என்று நான்கு வரிகள் போதும். பின்னால் வருபவர்கள் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய அது வழிகாட்டும். இயங்கும் நிலையில் உள்ள, ஆனால் தமக்குப் பயன்படாத கேமராவை ஆர்வமுள்ள ஒரு மாணவருக்குக் கொடுக்கலாம். இயங்காத கேமராவும் பள்ளி அறிவியல் வகுப்பில் லென்ஸ், ஷட்டர், ஒளிவிலகல் ஆகியவற்றைக் கண்முன் காட்டும் பாடமாகும். ஹரியாணா மாநிலம் குருகிராமில் 2019-இல் திறக்கப்பட்ட 'மியூசியோ கேமரா' அருங்காட்சியகம், தனியொருவர் பல்லாண்டுகளாகச் சேர்த்த கேமராக்கள் பொதுச் சொத்தாக மாற முடியும் என்பதற்குச் சான்று. அந்த அளவுக்கு இயலாவிட்டாலும், ஊர் நூலகத்தின் ஓர் அலமாரியில் உள்ளூர் ஸ்டுடியோவின் கேமராவையும், அதில் எடுத்த பத்துப் படங்களையும் வைப்பது எந்த ஊருக்கும் இயலக்கூடியதே.

வீட்டில் உள்ளவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. அதற்குச் சினம் கொள்வதோ சிரித்து மழுப்புவதோ விடையாகாது. 'இது மலைக்கு, இது மண்டபத்துக்கு, இது அப்பாவின் நினைவுக்கு' என்று ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டிச் சொல்ல முடிந்தால், அந்த மூன்றும் அலமாரியில் இருக்கத்தான் வேண்டும். நான்காவதைச் சுட்டும்போது சொல் வரவில்லையென்றால், அது வேறொருவரின் கைக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

தளவாய்புரத்துத் தையல் கூடத்திலும் நடைமுறை இதுதான். ஓடுகிற எந்திரத்துக்கு ஆள் இருக்கிறது. ஓடாத எந்திரத்தை வேறு கூடத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கேமராவுக்கும் அதே நியாயம் பொருந்தும்.